செத்த காளையோட தலையை முடியோட கெடாம பாடம் பண்ணணும், எப்படி?

முக்கூடல்காரன்:
அண்ணாச்சிமாரே, வீட்டு காளை காலைல செத்துப்போச்சு, அப்பா தலையையும் கழுத்துத்தோலையும் பாடம் பண்ணி வைக்கணும்னு சொல்லுதாக. உரிச்சு வெயில்ல காயப்போட்டா போதுமா?

உப்பளத்தான்:
வெயில்ல போட்டுராதிய! மேல காஞ்சு உள்ள அழுகிரும், பொறவு முடி கொத்துக்கொத்தா கழண்டு வரும். உரிச்ச கையோட சதை, கொழுப்பு எல்லாத்தையும் சொரண்டணும், உதடு, கண்ணோரம், மூக்கு இங்கனதான் சதை ஒளிஞ்சு கெடக்கும், காதைக் குருத்தெலும்புலருந்து பிரிச்சு உள்பக்கத்த வெளிய திருப்பணும், இத சோம்பல்பட்டு விட்டா மத்த வேலை எல்லாம் தண்டம். பொறவு தூத்துக்குடி பொடியுப்பு, தோல் எடைல பாதிக்குக் கொறையாம தேய்ச்சு நிழல்ல சரிவா போடுங்க, தண்ணி வடியணும்லா. மறுநாள் ஈர உப்பத் தட்டிட்டு புது உப்பு.

களக்காட்டு மச்சான்:
ஆவாரம்பட்டை ஊறல் போட்டா என்ன? எங்க தாத்தா வீட்டுல பழைய மிளா (கடமான்) தலை ஒண்ணு கெடக்கு, அதையும் சரிபண்ணணும்.

உப்பளத்தான்:
பட்டைல நெறம் ஏறிரும் வே, முடியோடன்னா படிகாரமும் உப்பும்தான். மிளாவுக்கு வனத்துறை உரிமைச் சான்றிதழ் இருக்கா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மொதல்ல அதப் பாரும்.

கால்நடைக்காரன்:
முக்கூடல் தம்பி, திடீர்னு செத்துச்சா? மூக்கு, ஆசனவாய்ல கருப்பா ரத்தம் வந்திருந்தா கத்தியே வைக்காதீங்க, அடைப்பான் நோயா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனுசனுக்கும் ஒட்டும். டாக்டர கூப்பிடுங்க.