தற்கொலை எண்ணத்தில் இருப்பவரிடம் முதலில் செல்லும் காவலருக்கு எத்தகைய பயிற்சி தேவை?

கேள்வி (உதவி ஆய்வாளர்):
எங்கள் நிலையக் காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், 108 ஊழியர்கள் ஆகியோருக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தவிருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரிடம் என்ன பேசுவது என்பதில்தான் பலருக்கும் தயக்கம். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (மனநலச் செவிலியர்):
ஐயா, கேட்கப் பழக்குவதிலிருந்து தொடங்குங்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும்: ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில், பெயர் சொல்லிப் பேச வேண்டும்; வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைப்பதும், கைப்பேசியில் படம்பிடிக்கும் கூட்டத்தை விலக்குவதும் மற்றவர் பொறுப்பு. "பிள்ளை குட்டியை நினைத்துப் பார்" என்ற அறிவுரை வேண்டவே வேண்டாம்; குற்ற உணர்வில் குன்றியிருப்பவரை அது மேலும் நோகடிக்கும்.

பதில் (வழக்கறிஞர்):
சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவோ, அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கிலான முயற்சியை மட்டுமே புதிய சட்டத்தின் 226ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆகவே, பிழைத்துக் கிடப்பவரை வழக்கைக் காட்டி மிரட்டுவது அநியாயம்.

பதில் (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்):
மீட்டவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், உறவினரிடம் ஒப்படைத்து, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். காப்பாற்ற முடியாமல் போன நாளில் உடைந்துபோகும் காவலருக்கும் அதே எண் உதவும் என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.