போர்டில் பெயர் எழுதச் சொல்வதை நான் நிறுத்திய நாள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டா?

ஏழாம் வகுப்பு டீச்சர்

மூணு வருஷம் ஆச்சு. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 41 பிள்ளைகள். எமிஸ் (பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவது) வேலை என்று ஹெச்.எம். கூப்பிட்டால், "பேசுறவங்க பேரை எழுதி வை" என்று லீடரிடம் சொல்லிவிட்டுப் போவேன். எல்லாரும் செய்வதுதான். முதலில் பெயர், அடங்காவிட்டால் பக்கத்தில் பெருக்கல் குறி, அதுக்கும் மேல் போனால் 'மி.அ', அதாவது மிகவும் அடங்கவில்லை. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நாம் படிக்கும்போதே இருந்த பழக்கம்.

அன்றைக்குத் திரும்பி வந்தபோது போர்டில் ஒரே ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஐந்து பெருக்கல் குறி. தினமும் இருக்கிற பெயர்தான். கோபத்தோடு "எந்திரி" என்றேன். யாரும் எழவில்லை. மூன்றாவது வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. அன்று அவள் பள்ளிக்கே வரவில்லை. காலையில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டதே நான்தான்.

லீடர் பையன் முகம் வெளுத்துவிட்டது. "அவ பேரு எப்பவும் வரும்ல டீச்சர், அதான் முதல்லயே எழுதிட்டேன்." பெருக்கல் குறி எதுக்கு என்று கேட்டேன். "அதுவும் எப்பவும் வரும் டீச்சர்." கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, நல்ல பிள்ளை அவன்.

டஸ்டர் மேசை மேலேயே இருந்தது, ஆனாலும் கையாலேயே அழித்தேன். வியாழக்கிழமை அவள் வந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னார்கள். "ஓ" என்று சிரித்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. என்னால் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

கணக்கு வாத்தியார்

டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அது பட்டியலோட குத்தம் இல்லை, பட்டியலை நடத்தின விதத்தோட குத்தம்.

என் ஒன்பதாம் வகுப்பில் 58 பேர். ஒருநாள் லீடரிடம் சொல்லாமல் ஐந்து நிமிடம் வெளியே போனேன். வந்து பார்த்தால் ஒரு பையன் புறங்கையில் காம்பஸ் முனை குத்தி ரத்தம். அன்றிலிருந்து யார் பொறுப்பு என்று சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

சில விஷயம் சொல்கிறேன், புதுசா வந்தவங்களுக்கு உதவும். லீடரை வாரம் ஒருமுறை மாத்துங்க. பட்டியலில் அடிக்கடி வருகிற பிள்ளையையும் ஒரு வாரம் லீடராக்குங்க, எழுதுகிற கை எவ்வளவு கஷ்டப்படுது என்று அதுக்கும் தெரியட்டும். பட்டியல் அந்த பீரியடோடு அழியணும், மறுநாளுக்குப் போகக் கூடாது. வெளியே போகும் முன் போர்டில் இரண்டு கணக்கு எழுதிவிட்டுப் போங்க, ஒன்று எல்லாருக்கும் வரும் கணக்கு, ஒன்று யோசிக்க வைக்கும் கணக்கு. சும்மா உட்காரச் சொன்னால் எந்தப் பிள்ளையும் உட்காராது. நோட்டு வாங்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒவ்வொரு வரிசையாக முன்னால் கடத்தி வரச் சொல்லுங்க. ஆளாளுக்கு எழுந்து வந்தால் அதிலேயே ஐந்து நிமிடம் போகும், தள்ளுமுள்ளும் வரும். மதியம் முதல் பீரியடில் புதுப் பாடம் தொடங்காதீங்க. இடத்தையும் வாரா வாரம் ஒரு வரிசை பின்னால் நகர்த்துங்க, எந்தப் பிள்ளைக்கும் கடைசி பெஞ்ச் நிரந்தரமாகிவிடக் கூடாது. 58 பேரை வைத்துக்கொண்டு பட்டியலே வேண்டாம் என்று சொல்வது சின்ன வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் சரிப்படும்.

ஈராசிரியர் பள்ளி

சின்ன வகுப்பு சுலபம் என்று நினைக்காதீங்க சார். எங்கள் பள்ளியில் 43 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு, அதனால் குறை சொல்லவும் வழியில்லை. ஹெச்.எம். கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில்.

அப்படி ஒரு நாள். சின்ன வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த முதல் வருஷம், 2022. மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பாயில் தனித்தனி வட்டம். நாலும் அஞ்சும் சுவரோரம். அட்டைகளைப் பிரித்துக் கொடுப்பதற்குள் ஒரே இரைச்சல். நான் கத்தாத ஆள். அன்று கத்தினேன்: "ஒருத்தரும் இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது!" சட்டென்று அமைதி. அப்பாடா என்று இருந்தது.

அரும்பு வட்டத்தில் ஒரு பாப்பா சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். பார்த்தேன். பார்த்தும் "இரு, இரு" என்று கையைக் காட்டிவிட்டு மலர் பிள்ளைகளிடம் போனேன். திரும்பி வரும்போது பாய் நனைந்திருந்தது. அவள் அழவில்லை. விரல் மட்டும் இன்னும் தூக்கினபடியே இருந்தது. நான் சொன்னபடி எந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் தன் துண்டை அவள் இடுப்பில் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பாயை அலசிக் காயப்போட்டேன். சாயந்தரம் அவள் அம்மாவிடம் நானே சொன்னேன். அந்தம்மா "பரவால்ல சார், சின்னப் பிள்ளைதானே" என்றார். தப்பு செய்தது சின்னப் பிள்ளை இல்லையே.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி கொண்டுபோய் ஓட்டை போட்டு, சணல் கட்டி, வாசல் ஆணியில் மாட்டினேன். போக வேண்டியவர்கள் என்னிடம் கேட்கத் தேவையில்லை. கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போகலாம், வந்ததும் மாட்டிவிடணும். ஆணி காலியாக இருந்தால் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று அர்த்தம்.

சமூக அறிவியல்

கணக்கு சார் இடம் மாற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்கு ஒன்று நடந்தது.

2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை பற்றி எல்லா இடத்திலும் பேச்சு வந்தது, ஞாபகம் இருக்கும். கழுத்து வலிக்கும், போர்டு சாய்வாகத் தெரியும், 40 பேருக்கு அறை போதாது என்றெல்லாம் பெரிய விவாதம். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கடைசி பெஞ்ச் என்று ஒன்றே இல்லாமல் போகும் என்பதில் இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்பதாம் வகுப்பில் 32 பேர், அறை ஓரளவு பெரியது. பெஞ்சுகளை நாங்களே தூக்கிப் போட்டோம்.

எப்போதும் கடைசியில் சுவரோரம் உட்காரும் பையனுக்கு 'ப'வின் வலது பக்க வரிசையின் நடுவில் இடம் வந்தது. எங்கள் பெஞ்சுகளில் முன்பக்கம் பலகை கிடையாது. 'ப'வில் எதிரெதிரே உட்காரும்போது எதிர்வரிசைக்கு முழு ஆளும் தெரியும். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டான். எடுத்துக் கீழே வை என்றேன். வைக்கவில்லை. மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் அதட்டி. மெதுவாக எடுத்தான். முழங்காலுக்கு மேல் பேண்ட் கிழிந்து, வேறு நிறத் துணியில் கையால் தைத்திருந்தது. எட்டாம் வகுப்போடு இலவசச் சீருடை நின்றுவிடும், தெரியும்தானே. எதிர்வரிசை முழுக்கப் பார்த்தது. இரண்டு உள்ளங்கையையும் அந்த ஒட்டு மேல் வைத்துக்கொண்டு, அந்த பீரியட் முழுக்க ஒரு வரிகூட எழுதாமல் இருந்தான்.

படிக்காத பையன், அதனால் கடைசிக்குப் போகிறான் என்று இரண்டு மாதமாக நினைத்திருக்கிறேன். பேண்ட் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. யார் கொடுத்தது என்று தெரியாமல் ஹெச்.எம். வழியாக. பெஞ்சுகளை நான் இன்னும் பழையபடி மாற்றவில்லை. ஆனால் இப்போது இடம் யாருக்கும் நான் ஒதுக்குவதில்லை. பிள்ளைகள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரே இடத்தை விடாமல் பிடித்தால், தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கிறேன்.

கணக்கு வாத்தியார்

பேண்ட் விஷயம் நான் யோசிக்கவே இல்லை டீச்சர். இடமாற்றம் பற்றி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பட்டியல் விஷயத்தில் மட்டும் என் கருத்து அதேதான். அடிக்கக் கூடாது, சரி. முட்டி போடச் சொல்லக் கூடாது, சரி. பெயர் எழுதுவதும் கூடாது என்றால் வாத்தியார் கையில் என்னதான் மிச்சம்?

ஏழாம் வகுப்பு டீச்சர்

சார், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. பட்டியல் அதில் வருமா வராதா என்று உங்களோடு வாதாட நான் வரவில்லை. நீங்கள் போர்டில் கணக்கு எழுதிவிட்டுப் போவதாகச் சொன்னீர்களே, அதைத்தான் நானும் இப்போது செய்கிறேன். வகுப்பில் பாதி அமைதி அதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி சத்தம் இருக்கத்தான் செய்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அந்த லீடர் பையனிடம் நான் அன்று ஒன்றுமே பேசவில்லை. எழுதச் சொன்னது நான். பயந்து நின்றது அவன்.

பி.எட். இரண்டாம் ஆண்டு

வணக்கம். திங்கட்கிழமை முதல் கற்பித்தல் பயிற்சி, ஆறாம் வகுப்பு. ஈராசிரியர் பள்ளி சாரிடம் ஒரு கேள்வி. கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போய் விளையாடிவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அவசரம் என்றால்?

ஈராசிரியர் பள்ளி

முதல் வாரம் விளையாடுவார்கள் தம்பி. விடுங்க. இரண்டாம் வாரம் அடுத்து நிற்கிற பிள்ளையே, "எம்புட்டு நேரம்டா" என்று கேட்கும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆணி இரண்டு அடிங்க, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் அடிக்கணும், நான் முதலில் என் உயரத்துக்கு அடித்துவிட்டு மறுபடி பிடுங்கினேன். அவசரம் என்றால் கொட்டாங்கச்சி இல்லாமலும் ஓடலாம் என்று முதல் நாளே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை தோறும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்க. ஓரத்தை உப்புத்தாளில் நல்லா தேய்ங்க, இல்லாட்டி கையைக் கீறும்.