சைக்கிள் டு வொர்க் திட்டத்தில் மவுண்டன் பைக்: ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

கேள்வி: மேடுபள்ளம்

வணக்கம் மக்களே. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை. எங்கள் டிரஸ்டில் (என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் நிர்வாகம்) சைக்கிள் டு வொர்க் திட்டத்துக்கு, அதாவது முதலாளி வழியாகச் சைக்கிள் எடுத்துச் சம்பளத்தில் தவணையாகக் கட்டுவதற்கு, இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டியும் சாமானும் சேர்த்து 2,500 பவுண்டு வரை எடுத்துக்கொள்ளலாமாம்.

வீடு ஹில்ஸ்பரோவில். ஆஸ்பத்திரி ஹாலம்ஷயர் பக்கத்து மேட்டில். மூன்று மைல்கூட வராது. ஆனால் இந்த ஊரில் மைல் கணக்கு எதற்கும் உதவாது, மேட்டுக் கணக்குதான். 2014 டூர் டி ஃபிரான்ஸில் ஜென்கின் ரோட்டில் ஏறும்போது உலகத்தரப் பந்தயக்காரர்களுக்கே நாக்கு தள்ளியது. நல்ல வேளை, அது என் வழியில் இல்லை.

லேபில் கூட வேலை செய்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வண்டியைக் கொடுத்து லேடி கேனிங்ஸ் காட்டுக்குக் கூட்டிப்போனார். ப்ளூ ஸ்டீல் தடத்தில் ஒருமுறை இறங்கியதோடு சரி, புத்தி அங்கேயே நிற்கிறது. "எடுத்தா ஃபுல் சஸ்பென்ஷனா எடு, அப்புறம் வருத்தப்படாதே" என்கிறார் அவர். ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் முன்னும் பின்னும் ஸ்ப்ரிங் உள்ள வண்டி, ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும். கண் வைத்திருப்பது 2,200 பவுண்டு வண்டி. வீட்டில் கேட்ட கேள்வி: "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எதுக்குங்க முன்னாடியும் பின்னாடியும் ஸ்ப்ரிங்?" பதில் சொல்ல முடியவில்லை.

எச்ஆர் அனுப்பிய தாளில் "42 சதவீதம் வரை சேமிக்கலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என் சம்பளப் படி பேண்ட் 6. உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? வேலைக்குப் போகும் வண்டி என்று சொல்லி மவுண்டன் பைக் எடுத்தால் கேள்வி கேட்பார்களா? ஓராண்டு கழித்து வண்டி யாருடையது? உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 62 கிலோ. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பேரேடு (ரெடிங்)

அந்த 42 உங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்கு மேல் சம்பளம் உள்ளவர்களின் கணக்கு அது: 40 வருமான வரி, 2 நேஷனல் இன்சூரன்ஸ். உங்களுக்கு 20-உம் 8-உம், ஆக 28.

1,200 பவுண்டுக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மாதம் 100 வீதம் பன்னிரண்டு மாதம், வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழிப்பார்கள். கையில் வருவதில் குறைவது மாதம் 72தான். மொத்தம் 864, அதாவது மிச்சம் 336. எச்ஆர் தாள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

நீங்கள் கட்டுவது வாடகை. ஆண்டு முடிந்தாலும் வண்டி உங்களுடையது ஆகாது. சும்மா கொடுத்தால் அதுவே வரிக்குரிய சலுகையாகிவிடும் என்பதால், எந்த வயது வண்டிக்கு என்ன மதிப்பு என்று வரித்துறையான எச்எம்ஆர்சி ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள வண்டிக்கு ஓராண்டு முடிவில் 25 சதவீதம், நான்காண்டு முடிவில் 7 சதவீதம். ஓராண்டிலேயே வாங்கினால் 300 பவுண்டு போய்விடும், மிஞ்சுவது 36. அதனால்தான் பல திட்ட நிறுவனங்கள் 7 சதவீதத்தை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு, மேலும் மூன்று ஆண்டுக்கு வாடகை இல்லாமல் வண்டியை உங்களிடமே விட்டுவிடுகின்றன. நான்காண்டு ஆனதும் டெபாசிட்டே விலையாகக் கழிந்துவிடும். உங்கள் கணக்கில் 84 பவுண்டு. ஆக நிஜ மிச்சம் 252, அதாவது 21 சதவீதம். உங்கள் டிரஸ்டில் இந்த வழி உண்டா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மவுண்டன் பைக் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1999-இல் வந்த வரிவிலக்கு இது, வண்டி வகைக்குக் கட்டுப்பாடு இல்லை. வண்டியை ஓட்டுவதில் பாதிக்கு மேல் வேலைக்கான பயணமாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஓட்டுவதும் அதில் சேரும். மைல் கணக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. அதற்காகக் கராஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இதில் கை வைக்காதீர்கள். 1,000 பவுண்டுதான் உச்சவரம்பு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2019-இல் வழிகாட்டுதல் மாறிவிட்டது, இப்போது வரம்பை வைப்பது முதலாளிதான்.

நீங்கள் என்எச்எஸ் என்பதால் இன்னொன்று. சம்பளத்தில் கழிக்கும் தொகைக்குப் பென்ஷன் சேராது. என்எச்எஸ்ஸின் 2015 பென்ஷன் திட்டத்தில் ஓராண்டுச் சம்பளத்தில் 54-இல் ஒரு பங்கு உங்கள் பென்ஷனில் ஏறும். 1,200 குறைந்தால் ஓய்வுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 22 பவுண்டு குறையும். அந்த அளவுக்கு இப்போது பிடித்தமும் குறையும் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை, தெரிந்து எடுங்கள்.

நடுவில் வேலை மாறினால் மிச்சத் தவணை முழுவதும் வரி கழித்த சம்பளத்திலிருந்து போகும். வண்டி திருடுபோனாலும் தவணை நிற்காது.

கடைசியாக, அதே வண்டி வேறு கடையில் தள்ளுபடியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். இத்திட்டத்தில் பணத்துக்குப் பதில் நீங்கள் கொடுக்கும் வவுச்சரை வாங்கும் கடைக்காரர் திட்ட நிறுவனத்துக்குக் கமிஷன் அழ வேண்டும், அதனால் தள்ளுபடி வண்டிக்கு வவுச்சர் என்றால் சிலர் முகத்தைத் திருப்புவார்கள். 21 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடைத்தால் கையில் காசு கொடுத்து வாங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

பதில்: கிரீஸ்கை (லீட்ஸ்)

தம்பி, கணக்கு அவர் சொல்லிப்போட்டார், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சைக்கிள் கடையில் வளர்ந்தவன், இங்கேயும் கன காலமாக அதே வேலைதான்.

உங்கட வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. 2,200 பவுண்டுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் எண்டால், அந்தக் காசில் பெரிய பங்கு பின் ஷாக்குக்கும் இணைப்புகளுக்கும் போய்விடும். பிறேக், கியர், சில்லு எல்லாம் 1,200 பவுண்டு ஹார்ட்டெயிலில் இருக்கிற தரத்திலேயே இருக்கும், சில வண்டியில் அதைவிடக் கீழேயும் இருக்கும். மேட்டில் நிண்டு மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்கி எழும்பும், உங்கட பலத்தை அது தின்னும். அதைவிட மோசம் மாரிகாலம். றோட்டில் உப்புக் கொட்டுவார்கள், பின் இணைப்புகளில் உள்ள பேரிங்குகளுக்குள் அது இறங்கும். தினம் வேலைக்கு ஓடிய ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகள் பங்குனியில் என்னட்டை வரும்போது கீச்சுக் கீச்செண்டு அழும். பேரிங் மாற்றக் கூலியே கனக்க வரும்.

லேடி கேனிங்ஸ் நீலத் தடம், அதாவது நடுத்தரக் கடினம். நல்ல ஹார்ட்டெயிலுக்கு அது அளவான இடம். உங்கட வீட்டுக்குக் கிட்டவே பார்க்வுட் ஸ்பிரிங்ஸும் இருக்கு. கிரெனோ காட்டு இறக்கங்களில் வாராவாரம் விழுந்து எழும்பப் போறீங்கள் எண்டால் கதை வேறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கட ஊரில் மவுண்டன் பைக்குக்கு ஒரு நியாயம் இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. ட்ராம் தண்டவாளம். லாங்செட் ரோடு, இன்ஃபர்மரி ரோடு முழுக்க அதுதானே. 28, 32 மில்லிமீட்டர் ரயர் போட்ட வண்டி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் ஆள் தரையில். 2.2 அங்குல ரயர் எண்டால் 55 மில்லிமீட்டருக்கு மேல், லேசில் உள்ளே விழாது. ஆனால் ஈரத் தண்டவாளம் எந்த ரயரையும் வழுக்கும். நேர்குறுக்காகக் கடக்க வேணும், அந்த இடத்தில் பிறேக்கைத் தொடக் கூடாது.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது முன் ஃபோர்க். குறைந்த விலை வண்டிகளில் உள்ளே சுருள் ஸ்பிரிங் இருக்கும். 62 கிலோவுக்கு அது பெரும்பாலும் இறுக்கம், இரும்புத் தடிபோல நிக்கும். காற்று ஃபோர்க் எடுத்தால் எடைக்கேற்பப் பம்ப் பண்ணிக்கொள்ளலாம். கடையிலேயே பாருங்கோ: ஃபோர்க் காலில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே அடிவரை தள்ளிவிட்டு, துள்ளாமல் மெதுவாக ஏறி, வழக்கமாக ஓட்டுகிற மாதிரி இருந்து, மெதுவாக இறங்குங்கோ. 120 மில்லிமீட்டர் ஃபோர்க் எண்டால் வளையம் 24 முதல் 30 மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்க வேணும். பத்தில் நிண்டால் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கோ. குறைக்க வழியே இல்லாத ஃபோர்க் எண்டால் வண்டியை வைத்துவிட்டு வாங்கோ.

அடுத்தது கேரியர் பூட்டும் துளை. கன மவுண்டன் பைக்குகளில் அது இல்லை. ட்ரெக் மார்லினில் இருக்கு. முதுகில் பை போட்டு மேடு ஏறினால் மேற்சட்டை நனைஞ்சுதான் லேபுக்குப் போவீங்கள். மார்லினிலும் கீழ்ப்படி வண்டிகளில் சுருள் ஃபோர்க்தான், ஆகவே மேற்படியைப் பாருங்கோ. ஸ்பெஷலைஸ்ட் ராக்ஹாப்பர், ஜயண்ட் டேலன், போர்ட்மன், வூடூ பிசாங்கோ எல்லாவற்றையும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. பிசாங்கோ விலைக்கு நல்ல சாமான்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிறேக் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். முன்னுக்கு ஒரே பல்சில்லு இருந்தால் போதும், பின் கேசட்டில் பெரிய பல்லு 50 அளவில் இருந்தால் உங்கட மேடெல்லாம் ஏறலாம்.

மிஞ்சுகிற வரம்பில் மட்கார்ட், லைட், பூட்டு, ஒளிரும் ஜாக்கெட் எல்லாம் இதே திட்டத்தில் எடுக்கலாம். பூட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீங்கோ, சோல்ட் செக்யூர் கோல்ட் முத்திரை உள்ள டி-லாக் வாங்குங்கோ.

பதில்: கவிதா_கிளாஸ்கோ

பேரேடு அண்ணா சொன்ன 28 இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்தில் வருமான வரிப் படிகள் வேறு, இங்கே இருப்பவர்கள் தங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் யாராவது இதைப் படித்தால்: மகப்பேறு ஊதியத்தைக் கணக்கிடும் எட்டு வாரத்தில் இந்தப் பிடித்தம் ஓடிக்கொண்டிருந்தால், குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் உங்கள் 90 சதவீதத்தைப் போடுவார்கள். என் தோழிக்கு அப்படித்தான் ஆனது. எச்ஆரில் யாரும் முன்கூட்டியே வாய் திறக்கவில்லை.

மேடு அவ்வளவு பயமென்றால் எலக்ட்ரிக் வண்டியும் இதே திட்டத்தில் உண்டு. 250 வாட் மோட்டார், மணிக்கு 15.5 மைலோடு உதவி நின்றுவிடும், மிதித்தால்தான் ஓடும். அந்த 2,200-ஐ அதில் போடலாமே?

பதில்: தஞ்சை_தம்பி

நான் கேர் ஹோமில் இருக்கிறேன். கேட்டேன், தர முடியாது என்றுவிட்டார்கள். தவணை கழித்த பிறகு மணிக்கூலி தேசியக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாதாம். சம்பளம் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆசைப்பட்டுக் கடையில் வண்டியைப் பார்த்து வைத்துவிட்டு அப்புறம் கேட்காதீர்கள். நான் செகண்ட் ஹாண்டில் 180 பவுண்டுக்கு ஒரு ஹார்ட்டெயில் பிடித்தேன், ஓடுகிறது.

கேள்வி கேட்டவர்: மேடுபள்ளம்

எல்லோருக்கும் நன்றி. எச்ஆர் பதில் வந்துவிட்டது, 7 சதவீத வழி உண்டு. கவிதா அக்கா, எலக்ட்ரிக் யோசித்தேன். எங்கள் வீடு வரிசை வீடு, முன்கதவில் மூன்று படி, உள்ளே இறுகிய நடைவழி. அந்த எடையைத் தினம் தூக்க முடியாது.

சனிக்கிழமை கடைக்குப் போய் மார்லின் மேற்படி ஒன்றை ஓட்டினேன். மீடியத்தில் 29 அங்குலச் சக்கரம், ஸ்மாலில் 27.5. மீடியத்தில் இறங்கி நின்றால் மேல்குழாய் இடிக்கிறது, ஸ்மாலில் கச்சிதம். கிரீஸ்கை அண்ணா, அந்த ரப்பர் வளைய வேலையைச் செய்தபோது கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். 12 மில்லிமீட்டரில் நின்றது, அவனே பம்பை எடுத்து வந்து காற்றைக் குறைத்தான். பூட்டு, லைட், மட்கார்ட், கேரியர் எல்லாம் சேர்த்து 1,200-க்குச் சற்று மேலே. லேப் நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரே சந்தேகம். அதோடு வரும் குமிழ் ரயர் தார் ரோட்டில் 'ம்ம்ம்' என்று இழுக்கிறது. வேலைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று மாற்ற முடியுமா?

பதில்: கிரீஸ்கை (லீட்ஸ்)

வாராவாரம் ரயர் கழற்றிப் பூட்டினால் ஒரு மாதத்தில் வெறுத்துப்போகும். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் குமிழும் உள்ள ரயர் ஒரு சோடி போடுங்கோ, ஷ்வால்பே ஹரிக்கேன் அந்த வகைதான். காய்ந்த காலத்தில் நீலத் தடத்துக்கும் அது போதும். ஐப்பசி கார்த்திகையில் காடு சேறானதும் பழையதை மாட்டலாம். ரயர் திட்டத்தில் வராது, கைக்காசுதான். 2 அங்குலத்துக்குக் கீழே மட்டும் போகாதீங்கோ, தண்டவாளக் கதை திரும்பவும் தொடங்கும். பூட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சில்லு சுழலும் பக்கம் பார்க்க வேணும்.