கேட்கும் பாட்டு ஏராளம், நன்றி கூறும் பாட்டு?

உறவினர் ஒருவர், தம் மகன் கடும் நோயிலிருந்து மீண்டதற்காக நடத்திய வழிபாட்டில் பாடுவதற்கு ஏற்ற பாடலைத் தேர்ந்து தருமாறு என்னிடம் கேட்டார். நமது திரைப்படங்களில் கடவுளிடம் கேட்கும் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை என்பதும், கிடைத்த பிறகு நன்றி கூறும் பாட்டுத்தான் அரிது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன.

முதலில் நினைவுக்கு வந்தது 1968இல் வெளியான 'ஒளிவிளக்கு' படத்துக்காக வாலி எழுதி, பி. சுசீலா பாடிய 'ஆண்டவனே உன் பாதங்களை' என்ற வேண்டுதல் பாடல். 1984இல் எம்.ஜி.ஆர். நோயுற்றிருந்தபோது அது திரையரங்குகளில் ஒலித்ததையும், படம் பார்க்க வந்தவர்கள் அழுததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 1985 பிப்ரவரியில் அவர் நாடு திரும்பியபோது, அதற்கு இணையாக ஊரே பாடிய நன்றிப் பாட்டு எதையும் அவர்கள் குறிப்பிட்டதில்லை. இதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை; திரைக்கதைக்கு வேண்டியது சிக்கல், வேண்டுதல் பலித்துவிட்டால் 'வணக்கம்' போட வேண்டியதுதான்.

விதிவிலக்காக எனக்குக் கிடைத்தது, சாண்டோ சின்னப்பா தேவர் 1972இல் தயாரித்த 'தெய்வம்' படத்தில் கருநாடக இசைப் பாடகர் மதுரை சோமு தாமே திரையில் தோன்றிப் பாடும் 'மருதமலை மாமணியே'. அதில் 'கோடிகள் குவிந்தாலும் கோமகனை மறவேன்' என்று கண்ணதாசன் எழுதியிருப்பது, படங்களில் வந்த வருவாயில் ஒரு பங்கை முருகன் கோயில்களுக்குச் செலவிட்ட தேவருக்கே அளவெடுத்துத் தைத்த வரி போலத் தோன்றும். ஆயினும் சோமுவின் அந்த வேகத்துக்கும் குரலுக்கும் ஈடுகொடுக்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

இறுதியில் நாங்கள் பாடியது திரைப்பாடலே அன்று. ராஜாஜி எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிப் பரவிய 'குறை ஒன்றும் இல்லை'. அதை நூறு முறை கேட்டிருந்தும், பாடிப் பழகும்போதுதான் அதன் கட்டமைப்பு எனக்குப் புலப்பட்டது. திரையின் பின்னே நிற்கிறாய், மறை ஓதும் ஞானியர் மட்டுமே உன்னைக் காண்பார் என்று, குறைப்படுவதற்கான காரணத்தை மறைக்காமல் எடுத்து வைத்துவிட்டு, 'என்றாலும்' என்று திரும்புகிறது பாட்டு. எல்லாம் கிடைத்தவரின் நிறைவைவிட இந்த நிறைவு எனக்கு நம்பத்தகுந்ததாக இருக்கிறது. மருத்துவமனையில் பல இரவுகள் விழித்திருந்த அந்தத் தாய், சரியாக அந்த இடத்தில்தான் பாட முடியாமல் நிறுத்தினார். மற்றவர்கள் தொடர்ந்து பாடி முடித்தோம்.

அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 'அழகிய தமிழ் மகன்' (2007) படத்தில் ஏ.ஆர். ரகுமான் பாடிய 'எல்லாப் புகழும்' பாடலையும் சேர்க்கச் சொன்னார்கள். வாலி எழுதிய அந்தப் பாடல் முதல் வரியில் புகழை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, உடனே நதிபோல் ஓடிக்கொண்டிரு என்று அறிவுரைக்குத் தாவிவிடுவதால் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் 2009 ஆஸ்கர் மேடையில் ரகுமான் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எந்த மதத்தின் பெயரையும் சுட்டாத அந்த வாசகத்தை, பரிசு பெறும் மாணவர்கள் பலர் தத்தம் கடவுளை நினைத்துச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். எனவே அதையும் பாடினோம். பெரியவர்கள் எவரும் மறுக்கவில்லை.