காகம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் ககு பறவையைப் பற்றித்தான் சொல்கிறீர்கள். நானும் அதைப் பார்க்கத்தான் சிட்னியிலிருந்து போனேன். சாம்பல் நிறமும் தலையில் கொண்டையுமாக, ரிவியேர் ப்ளூ பூங்காவில் அது நம் காலடிக்கே ஓடி வருகிறது. ஆனால் அன்று அதற்கப்புறம் பார்த்த ஒரு பறவைதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

தலைநகர் நூமியாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். தேரிக்காடு போல அப்படி ஒரு செம்மண். நிக்கலும் இரும்பும் நிறைந்த மண். யாத்தே அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் வெளுத்துப்போய் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அதைத் தாண்டி மழைக்காட்டுக்குள் நடந்தோம். தலைக்கு மேலே ஒரு கருப்பு உருவம் கிளை மாறியது. காக்கை என்று பைனாகுலரை இறக்கிவிட்டேன். அந்தத் தீவில் காக்கையும் உண்டு. குச்சியைக் கொக்கியாக்கிப் புழு எடுக்கும், உலகமே பேசும் காக்கை.

வழிகாட்டி என் தோளை மெல்ல அழுத்தினார். "காக்கை இல்லை. துலு."

அலகுதான் முதலில் தெரிந்தது. நீண்டு, கீழ்நோக்கி வளைந்த அலகு. மேல்பாதி கருப்பு, கீழ்பாதி மஞ்சள். அப்புறம் முகம்: கண்ணை ஒட்டி இறகே இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் வெறும் தோல். பாசி படிந்த கிளையில் அலகை நுழைத்து, பட்டையைக் கிளறி, எதையோ இழுத்து விழுங்கியது. பிறகு கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. காக்கை கரைவது போலவே இல்லை. கணீரென்று காடெல்லாம் கேட்கும் குரல். பதிலுக்கு எந்தக் குரலும் வரவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

காக்கை மாதிரி இருந்தாலும் இது தேனுண்ணிக் குடும்பம். நம்மூர் தேன்சிட்டு உள்ளங்கையில் அடங்கும், அது வேறு குடும்பம். துலுவோ சுமார் 40 செ.மீ., தேனுண்ணிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் 250-க்கும் குறைவு என்கிறார்கள். ககுவை நாயிடமிருந்து காப்பாற்றிப் பெருக்கிவிட்டார்கள், நல்ல விஷயம். துலுவுக்கு எமன் எலி. கப்பலில் வந்து இறங்கிய எலி மரம் ஏறி முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. நாயைக் கட்டிவைக்கலாம், எலியை என்ன செய்வது?

அடுத்து போகிறவர்கள் ககுவோடு திரும்பிவிடாதீர்கள். கருப்பாக எது பறந்தாலும் ஒரு தடவை அலகைப் பாருங்கள்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் ஃபிஜியின் தலைநகர் சூவா ஞாபகம் வந்துவிட்டது. வேலை விஷயமாக இரண்டு வருடம் அங்கே இருந்தேன். உங்கள் துலுவுக்கு நெருங்கிய சொந்தங்கள் மூன்றுதான்: சமோவாவில் மாவோ, ஃபிஜியில் இரண்டு வகை. மாவோ அமெரிக்க சமோவாவின் டுடுயிலா தீவிலிருந்து ஏற்கெனவே அழிந்துபோய்விட்டது.

ஃபிஜியின் இரண்டில், சூவா இருக்கும் விட்டி லெவு தீவில் வாழ்வதை தோலோ-இ-சூவா காட்டில் கேட்டேன். ஆமாம், கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு இலைப்பச்சை, கிளையில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். விடிகாலை, மழை விட்டிருந்தது. ஒன்று கூப்பிட ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் ஜோடிப் பறவை சேர்ந்துகொண்டது. எது எந்தக் குரல் என்றே பிரிக்க முடியவில்லை. நாதஸ்வரக் கச்சேரியில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பார்களே, அந்த மாதிரி. செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூட அதில் இருக்கிறது. துலுவுக்குப் பதில் குரல் வரவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டு, அதை எடுத்து மறுபடி கேட்டேன்.