எவர்சில்வர் துருப்பிடித்த கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

துவாஸ் வெல்டர்:

எனக்கு முதல் பாடம் ஒரு நைட்ரிக் அமிலத் தொட்டியில் கிடைத்தது. 10 மில்லிமீட்டர் தகடு, 304 என்ற எவர்சில்வர் ரகம். செய்து கொடுத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, கசிகிறது என்று கூப்பிட்டார்கள். வெல்டு விட்டுவிட்டது என்று பயந்துகொண்டே போனேன். வெல்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் தள்ளி, தண்டவாளம் போல இரண்டு கோடுகள், அரிப்பு அங்கேதான். சுத்தியலால் தட்டினால் மற்ற இடங்களில் ‘ணங்’, கோட்டின் மேல் ‘டொக்’. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் உலோகம் ரவை போல உதிர்ந்தது.

மட்டமான தகட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார் எங்கள் மேற்பார்வையாளர். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு துண்டை அனுப்பினோம். குரோமியம் 18 சதவீதம், குறையே இல்லை. அங்கிருந்த பொறியாளர் அக்கா துண்டை மெருகேற்றி, ஆக்ஸாலிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, “பாருங்கள் தம்பி” என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். வயலும் வரப்புமாகத் தெரிந்தது. ஆனால் வரப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு வயலும் ஒரு படிகம். 304 ரகத்தில் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம். தகடு ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதிக நேரம் நின்றால், அந்தக் கார்பன் வரப்புக்கு ஓடிவந்து குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாகிவிடுகிறது. வரப்பை ஒட்டிய ஓரத்தில் குரோமியம் வற்றிப்போகிறது. துருவைத் தடுக்கும் படலம் நிற்க 10.5 சதவீதமாவது வேண்டும். அங்கே அது இல்லை. அமிலம் வரப்பை மட்டும் தின்றால் வயல் தனியாகக் கழன்று விழாமல் என்ன செய்யும்? வெல்டிலிருந்து சற்றுத் தள்ளிய இடம்தான் அந்தச் சூட்டில் நின்றிருக்கிறது, அதனால்தான் இரண்டு கோடுகள்.

தகட்டைக் குறை சொல்ல வழியில்லை. ஆறவிடாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றவைத்தது நாங்கள்தான். மாற்றுத் தொட்டியை 304எல் ரகத்தில் செய்தோம். அதில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது.

மரீன் பரேட் வாசி:

எங்கள் பால்கனிக் கைப்பிடிக் கம்பியில் டீக்கறை போலப் பழுப்பு. விசித்திரம் என்னவென்றால், மழையில் நனையும் பக்கம் சுத்தமாக இருந்தது, கூரைக்கு அடியில் இருந்த பக்கம்தான் கறைபட்டது. உப்புக்காற்றில் படிவதை மழை கழுவிவிடுகிறது, கூரைக்கு அடியில் கழுவ ஆளில்லை. கம்பி சொரசொரப்பான ரகம் வேறு; கோடுகளுக்குள் உப்பு உட்கார்ந்துகொள்கிறது. என் மாமியார் இரும்பு நாரால் தேய்த்தார். சில நாளில் புள்ளி புள்ளியாகத் துரு! நாரிலிருந்து ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்தான் துருப்பிடித்தது என்று பிறகு தெரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை ஈரத்துணி, அவ்வளவுதான். மாமியார் இன்னும் நம்பவில்லை.

துவாஸ் வெல்டர்:

அக்கா, பட்டறையிலும் அதே கதைதான். சாதாரண இரும்பைத் தேய்த்த டிஸ்கை எவர்சில்வரில் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம், யாரும் படிப்பதில்லை. வெல்டைச் சுற்றி வரும் நீலம், பழுப்பு நிறமும் அழகுக்கு இல்லை. அந்த நிறப் படலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும்; அமிலப் பசை தடவி எடுத்தாக வேண்டும். பசையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருப்பதால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவிட மாட்டேன். நீலம் தெரிந்தால் வேலை சரி என்று கையெழுத்தும் போட மாட்டேன். இதனால் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத முடியாது.