ரியாக்ட், பிரியாக்ட் இரண்டுக்கும் ஒரே டெஸ்ட் தொகுப்பு: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் படிவக் காம்பொனென்டுகளை ரியாக்ட், பிரியாக்ட் (வலைப்பக்க இடைமுகம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள்) இரண்டிலும் ஓட்டிப் பார்க்க ஒரே டெஸ்ட் தொகுப்பு எழுதுகிறேன். பின்கோடு பெட்டியில் மாட்டிக்கொண்டேன். ரியாக்டில் ஆன்சேஞ்ச் (பெட்டியின் மதிப்பு மாறும்போது அழைக்கப்படும் ஃபங்ஷன்) ஒவ்வொரு தட்டுக்கும் ஓடுகிறது. காம்பேட் (பிரியாக்டை ரியாக்ட் போல நடக்கவைக்கும் துணைத் தொகுப்பு) சேர்க்காத பிரியாக்டில் அது பிரவுசரின் சொந்த சேஞ்ச் நிகழ்வு, பெட்டியை விட்டு வெளியே வந்தாலோ என்டர் தட்டினாலோதான் ஓடும். 6 இலக்கம் தட்டிவிட்டு வெளியே வந்தால் ரியாக்டில் 6 அழைப்பு, பிரியாக்டில் 1.

காம்பேட் போட்டால் சரியாகிவிடும், தெரியும். ஆனால் வித்தியாசத்தை மறைக்காமல் பதிவு செய்யவே விரும்புகிறேன், ஒப்பிடுவதே அதற்குத்தானே!

இப்படித் தெரிந்த வேறுபாடுகளை எப்படி எழுதுகிறீர்கள்? டெஸ்டுக்குள்ளேயே நிபந்தனை வைத்தா, ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனி எதிர்பார்ப்புக் கோப்பு வைத்தா? செய்து பார்த்தவர்கள் ஒரு சின்ன உதாரணம் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.